விழுந்ததைத் தூக்கிவிடும் வீடு

பயப்பட வேண்டியதை விட்டுவிட்டு வேறு எதற்கோ பயப்படுவதில் பெரியவளை மிஞ்ச ஆள் கிடையாது. கரண்டில் ஓடும் கார் வீட்டுக்கு வந்து இருபத்திரண்டு நாள் ஆகியிருந்தது. அந்த இருபத்திரண்டு நாளும் அவள் காருக்குத்தான் பயந்தாள். அது நட்டநடுப் பகலில் தானாகப் பற்றிக்கொள்ளும், தீ திரைச்சீலைக்குத் தாவும், நான் மட்டும் மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டு நிற்பேன் என்று மனதுக்குள் ஒரு முழுப்படமே ஓட்டி வைத்திருந்தாள். எங்கோ ஒரு கார் எரியும் வீடியோவை யாரோ போனில் அனுப்பியிருந்தார்கள். அனுப்பியவர்கள் மறந்துவிட்டார்கள். இவள் மறக்கவில்லை.

அவள் வீட்டுக்காரர் சார்ஜ் ஏற்றிய லட்சணமும் அப்படித்தான் இருந்தது. சமையலறையில் ஹீட்டருக்கென்று இருந்த பிளக்கில் ஒரு நீள எக்ஸ்டென்ஷன் வயரைச் செருகி, ஜன்னல் வழியாக வெளியே தொங்கவிட்டு, பூந்தொட்டிக்குப் பின்னால் இழுத்துப் போய்க் காரில் மாட்டியிருந்தார். மூன்றாம் நாளே பிளக்கின் ஓரம் பழுப்பேற ஆரம்பித்தது. பெரியவள் அரைமணிக்கு ஒருதரம் வந்து, காய்ச்சல் பிள்ளையின் நெற்றியைத் தொட்டுப் பார்ப்பது போலப் புறங்கையால் அதைத் தொட்டுப் பார்ப்பாள்.

"சுடுதுங்க."

"சுட்டாத்தான் கரண்ட் ஏறுதுன்னு அர்த்தம்" என்பார் அவர். எதையும் படிக்காமலே எல்லாவற்றுக்கும் விளக்கம் வைத்திருக்கும் மனிதர்.

கடைசியில் அவள் தம்பிக்குப் போன் போட்டாள். அவனுக்கு அதுதான் தொழில். வீடு வீடாகப் போய்க் காருக்குத் தனி லைன் இழுத்துச் சார்ஜர் பெட்டி மாட்டித் தருகிற கம்பெனியில் எலக்ட்ரீஷியன். எழுபது வீட்டுக்கு மேல் மாட்டியாகிவிட்டது. முப்பத்தாறு வயதாகியும் வீட்டில் அவன் சின்னவன்தான். இவள் நாற்பத்தொன்றிலும் பெரியவள்தான். அம்மா வைத்த பட்டங்கள், உயிர் போகிறபோதுதான் போகும்.

"அந்தப் பிளக்கை மொதல்ல கழட்டச் சொல்லு. ஞாயித்துக்கெழமை நானே வந்து மாட்டித் தர்றேன்" என்றான் சின்னவன். அவள் அன்றுதான் நிம்மதியாகத் தூங்கினாள்.

இந்த வீட்டைப் பற்றி ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். இங்கே கரண்ட் போவது என்பது மெயின் சுவிட்ச் விழுவதுதான். வீடு பழையது, சாமான்கள் புதிது. அயர்ன் பாக்ஸும் ஹீட்டரும் ஒன்றாக ஓடினால் விழும். மிக்ஸி கொஞ்சம் கோபமாகச் சுற்றினால் விழும். சில நாள் காரணமே சொல்லாமல் விழும். உடனே வீட்டுக்காரர் எங்கே இருந்தாலும் அங்கிருந்தே "விழுந்துடுச்சு!" என்று ஒரு குரல் கொடுப்பார். பெரியவள் போய்த் தூக்கிவிடுவாள். பதினான்கு வருடப் பழக்கம். கையில் மாவு இருந்தாலும் முழங்கையால் தூக்குவாள். பேசிக்கொண்டிருக்கும் பேச்சு அறுபடாமல் தூக்குவாள். தூக்கினோமா என்றே அவளுக்கு ஞாபகம் இருக்காது. கொசுவை அடிக்கிற மாதிரி அது பாட்டுக்கு நடந்துவிடும்.

ஞாயிற்றுக்கிழமை ஒன்பது மணிக்குச் சின்னவன் வந்தான். தோளில் கறுப்பு வயர்ச் சுருள், கையில் பை. வீட்டுக்காரர் முடிவெட்டிக்கொள்ளக் கிளம்பிக்கொண்டிருந்தார்.

"என்ன மாப்ள, ஒரு மணி நேரத்துல முடிஞ்சிடுமா?"

"மத்தியானம் ஆயிடும் மச்சான். அதுவரைக்கும் வீட்டுல கரண்ட் இருக்காது."

"சரி சரி" என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் சரி சரி என்றால் காதில் விழவில்லை என்று அர்த்தம்.

சின்னவன் சமையலறையை ஒட்டிய நடையில் இருந்த போர்டின் முன்னால் நின்று மெயினை இறக்கினான். ஃபேன் சுற்றி ஓய்ந்தது. ஃபிரிஜ் ஒரு பெருமூச்சு விட்டு அடங்கியது. பிறகு பையிலிருந்து ஒரு சின்னச் சிவப்புப் பூட்டை எடுத்தான். சுவிட்சை மேலே தள்ள முடியாதபடி அதன்மேல் மாட்டுகிற பூட்டு. மாட்டிவிட்டுச் சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொள்வது அவன் வழக்கம். எந்த வீட்டிலும் அவன் செய்கிற முதல் வேலை அதுதான்.

பெரியவள் காபி டம்ளரோடு வந்தாள். பூட்டைப் பார்த்தாள்.

"என்னடா இது? அக்கா வீட்டுக்கே பூட்டு போடுறியா? நான் என்ன திருடியா?"

"அதில்லக்கா. வேலை நடக்கும்போது யாராவது தெரியாம..."

"யாருடா இருக்கா இங்க? நானும் நீயும். உன் மச்சான் அவ்ளோ சீக்கிரம் வரமாட்டார். ஊர்ல போடுற பூட்டையெல்லாம் ஊர்ல போடு."

சின்னவன் சிரித்துவிட்டான். பூட்டைக் கையில் இரண்டு முறை தூக்கிப் போட்டுப் பிடித்தான். அக்கா வீட்டில் பூட்டுப் போடுவது அவனுக்கே கொஞ்சம் கூச்சமாக இருந்திருக்க வேண்டும். அது பைக்குள் திரும்பிப் போனது.

"சரி. ஆனா போர்டு பக்கம் கையக் கொண்டு போகாத."

"எனக்கென்ன பைத்தியமா?" என்றாள் பெரியவள்.

இரண்டு மணி நேரம் வேலை ஒழுங்காக நடந்தது. பழைய போர்டுக்குப் பக்கத்தில் ஒரு வெள்ளை டப்பாவை மாட்டினான். அதற்குள் காருக்கென்று தனியாக ஒரு சுவிட்ச். ஆள்மேல் கரண்ட் பாய்ந்தால் கண் இமைப்பதற்குள் தானாக விழுந்துவிடும் சுவிட்ச் அது, பழைய போர்டில் அப்படி ஒன்று கிடையாது என்று அவளுக்கு விளக்கினான். அவளும் தலையை ஆட்டினாள். பேட்டரியில் ஓடும் டிரில்லால் சுவரைத் துளைத்து வயரை வெளியே போர்டிகோவுக்குக் கொண்டு போனான். வயர் கடைசிவரை சரியாக இருக்கிறதா என்று மீட்டர் வைத்துப் பார்ப்பதற்காக அந்த வெள்ளை டப்பாவின் சுவிட்சை மேலே தள்ளினான். பார்த்த பிறகு அதை இறக்கவில்லை. மெயின்தான் கீழே கிடக்கிறதே. போர்டிகோ சுவரில் சார்ஜர் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு, வயரின் நுனிகளை அதற்குள் முடுக்க உட்கார்ந்தான்.

பதினொன்றரைக்கு அம்மா போன் செய்தாள். தினமும் அந்த நேரம்தான். பெரியவள் போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு காய் நறுக்கினாள். அம்மா பக்கத்து வீட்டுக்காரியின் மருமகளைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தாள். கதை சுவாரசியமான இடத்தில் இருந்தது. மருமகள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

வீட்டுக்காரர் பின்வாசல் வழியாக வந்தார். கழுத்தெல்லாம் முடி குத்துகிறது என்று முனகியபடி நேராகக் குளியலறைக்குள் போனார். அந்த அறைக்கு ஜன்னல் கிடையாது. கதவைச் சாத்தினார், விளக்குச் சுவிட்சைப் போட்டார், விளக்கு எரியவில்லை.

"விழுந்துடுச்சு!"

பெரியவள் கத்தியைக் கீழே வைத்தாள். "ம்... அப்புறம்?" என்று அம்மாவிடம் கேட்டுக்கொண்டே நடைக்குப் போனாள். கையை உயர்த்தி மெயினைத் தூக்கினாள்.

ஃபேன் சுற்ற ஆரம்பித்தது. ஃபிரிஜ் உறுமியது. வெளியே ஏதோ தொப்பென்று விழுந்தது. அதே நொடியில், அவள் கண்ணெதிரே, வெள்ளை டப்பாவின் சுவிட்ச் 'டக்' என்று கீழே விழுந்தது.

விழுந்ததைத் தூக்க வேண்டும். இந்த வீட்டில் அவள் கைக்குத் தெரிந்த சட்டம் அது ஒன்றுதான். ஆள்காட்டி விரல் அந்தச் சுவிட்சின் அடியில் போய் உட்கார்ந்தது. அது புதுசு, கொஞ்சம் இறுக்கமாக இருந்தது. இன்னும் கொஞ்சம் அழுத்த வேண்டியிருந்தது.

"அது கெடக்கட்டும்" என்றாள் அம்மா போனில். "சின்னவன் வந்திருக்கானாமே, சாப்பிட்டானா? இப்ப என்ன பண்ணிட்டிருக்கான்?"

"வெளிய கம்பி மாட்டிக்கிட்டு..." என்று பெரியவள் பதில் சொல்ல ஆரம்பித்தாள்.

விரல் சுவிட்சின் அடியிலேயே இருந்தது. தன் கையையே அவள் யாருடைய கையையோ பார்ப்பது போலப் பார்த்தாள். சட்டென்று விரலை இழுத்துக்கொண்டாள்.

போன் நழுவித் தரையில் விழுந்தது. அவள் ஓடினாள். நடையிலிருந்து வாசலுக்குப் பதினைந்து காலடி இருக்கும். நாற்காலியில் முழங்காலை இடித்துக்கொண்டது பிறகுதான் தெரிந்தது. "சின்னவா! சின்னவா!" என்று கத்தினாள்.

அவன் தரையில் கிடந்தான். கார்ச் சக்கரத்தில் முதுகு சாய்ந்து, கால்கள் இரண்டும் முன்னால் நீட்டி, கடைக்காரன் சாய்த்து வைத்த பொம்மை போல இருந்தான். கண் திறந்திருந்தது. ஆனால் அது எதையும் பார்க்கவில்லை. ஸ்க்ரூடிரைவர் தூரத்தில் கிடந்தது. வலது கை மடியில் மல்லாந்து கிடக்க, இரண்டு விரல் நுனிகள் வெளுத்துக் கறுத்திருந்தன. ஏதோ பொசுங்கிய வாடை வந்தது.

அவள் கையை நீட்டினாள். பாதியில் இழுத்துக்கொண்டாள். ஷாக் அடித்தவனைத் தொடக்கூடாது, தொட்டால் தொட்டவனும் போவான் என்று இவனே சொல்லியிருக்கிறான். இவன்மேல் இன்னும் கரண்ட் இருக்கிறதா? இவன் சாய்ந்திருக்கும் கார்மேல் இருக்கிறதா? தரைமேல்? அவளுக்கு எதுவும் தெரியவில்லை. தம்பி கைக்கெட்டும் தூரத்தில் கிடக்கிறான், தொட முடியவில்லை. அந்த மாதிரிப் பயத்தை அவள் அதுவரை அறிந்ததில்லை. இத்தனை நாள் பயம் என்று நினைத்ததெல்லாம் சும்மா விளையாட்டு.

மறுபடி உள்ளே ஓடினாள். போர்டின் முன்னால் போய் நின்றாள். மெயினை இறக்க வேண்டும். ஆனால் பதினான்கு வருடத்தில் அவள் அதை ஒரு தடவைகூட இறக்கியதில்லை. தூக்கி மட்டுமே பழக்கம். எந்தப் பக்கம் தள்ளினால் உயிர் போகும், எந்தப் பக்கம் தள்ளினால் உயிர் பிழைக்கும் என்று அந்தக் கணத்தில் அவள் புத்திக்கு எட்டவில்லை. உள்ளங்கையால் ஓங்கி ஓர் அடி அடித்தாள். ஃபேன் ஓய்ந்தது. குளியலறையிலிருந்து, "மறுபடி விழுந்துடுச்சு!" என்று குரல் வந்தது.

"வாய மூடுங்க!" என்று அவள் அலறிய அலறலில் தண்ணீர்க் குழாய் நின்றது.

திரும்பி ஓடி வந்தபோது சின்னவனின் உதடு அசைந்துகொண்டிருந்தது. அவள் அவன் பக்கத்தில் விழுந்து கன்னத்தைப் பிடித்தாள். குளிர்ந்து கிடந்தது.

"அக்கா... மெயினை எறக்கு."

"எறக்கிட்டேன்டா. எறக்கிட்டேன். மூச்சு விடு. என்னைப் பாரு. மூச்சு விடுடா!"

"விடுறேன்" என்றான் அவன். அதைச் சொல்ல அவனுக்கு வெகுநேரம் பிடித்தது.

ஆஸ்பத்திரிக்கு வாடகைக் காரில் போனார்கள். வாசலில் நின்ற புதுக் காரை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. வீட்டுக்காரர் ஈரத்தலையோடு முன்னால் உட்கார்ந்திருந்தார், சட்டைப் பொத்தான் மாறிப் போட்டிருந்தது. மார்பில் வயர் ஒட்டிச் சின்னவனின் இதயத்தைப் பார்த்தார்கள். காகிதத்தில் கோடு ஏறி இறங்கி ஓடியது. பெரியவள் அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டு நின்றாள். அது ஒவ்வொரு தடவை இறங்கும்போதும் மறுபடி ஏறுமா என்று அவளுக்குப் பகீர் என்றது.

"எப்படி ஆச்சு?" என்று டாக்டரம்மா கேட்டார்.

"மெயினை எறக்க மறந்துட்டேன் டாக்டர்" என்றான் சின்னவன், கூரையைப் பார்த்தபடி. "என் தப்புதான்."

"இதையே தொழிலா வெச்சிருக்கீங்க, இவ்ளோ கவனக்குறைவா?"

பெரியவளுக்கு அங்கேயே தரை பிளந்தால் தேவலை என்று இருந்தது. ஒன்றும் பேசாமல் இருந்துவிடலாம். அவன்தான் சொல்லிவிட்டானே. ஆனால் நாக்கு அடங்கவில்லை.

"அவன் மறக்கல டாக்டர். நான்தான் தூக்கிவிட்டேன். பூட்டு போடப் போனவனையும் நான்தான் கேலி பண்ணி நிறுத்தினேன்."

"நான்தான் கத்துனேன்" என்றார் வீட்டுக்காரர் சுவரைப் பார்த்துக்கொண்டு. டாக்டரம்மா மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்தார். குற்றத்துக்கு இத்தனை போட்டியை அவர் பார்த்திருக்க மாட்டார். சாயங்காலம்வரை படுக்கவைத்துப் பார்த்துவிட்டு, விரல்களுக்குக் கட்டுப் போட்டு அனுப்பிவிட்டார்.

ஆனால் பெரியவள் முழுவதையும் சொல்லவில்லை. இரண்டாவது சுவிட்சைப் பற்றி மூச்சு விடவில்லை. அது அவளோடு வீட்டுக்கு வந்தது. சோறு வடிக்கும்போது வந்தது, தலை வாரும்போது வந்தது. ஆள்காட்டி விரலில் அந்தச் சுவிட்சின் இறுக்கம் அப்படியே ஒட்டிக்கொண்டிருந்தது. தேய்த்துக் கழுவினாலும் போகவில்லை. அம்மா அந்தக் கேள்வியை ஒரு மூச்சு தள்ளிக் கேட்டிருந்தால்? மருமகள் கதை இன்னும் ஒரு வாக்கியம் நீண்டிருந்தால்?

ஐந்தாம் நாள் சின்னவன் பையோடு வந்து நின்றான். வேறு ஆளை அனுப்புகிறேன் என்று மேஸ்திரி சொன்னாராம். பாதியில் விட்ட வேலையை வேறு ஆள் தொட்டால்தான் ஆபத்து என்று இவன் சொல்லிவிட்டானாம். கட்டுப் போட்ட விரல்களைத் தூக்கிக் காட்டி, "ரெண்டுதான் லீவுல இருக்கு, மிச்சம் எட்டும் டூட்டிக்கு வந்துடுச்சு" என்றான்.

மெயினை இறக்கினான். பூட்டைப் போட்டான். இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. வீட்டுக்காரர் முன்னறையில் வாயில் பூட்டுப் போட்டவர் மாதிரி உட்கார்ந்திருந்தார். பெரியவள் நடையில் போர்டுக்கு எதிர்ச் சுவரில் முதுகை ஒட்டிக்கொண்டு, கைகள் இரண்டையும் பின்னால் கட்டிக்கொண்டு, முக்கால் மணி நேரம் நின்றாள். போன் அடித்தது. எடுக்கவில்லை.

சின்னவன் வேலையை முடித்துவிட்டு உள்ளே வந்தான். பூட்டைத் திறந்தான்.

"முடிஞ்சிடுச்சுக்கா. நீயே தூக்கு. இந்த வீட்டுல தூக்குறதுக்கு உன்னைவிட்டா யாரு?"

அவள் பயத்தைத் தெளிவிக்கத்தான் அப்படிச் சொன்னான். பெரியவள் ஓர் அடி முன்னால் வந்தாள். கை எழும்பவில்லை. தூக்கச் சொல்லித் தனக்குள் சொல்லிப் பார்த்தாள். தோளுக்குக் கீழே கல்லாகக் கனத்தது.

"அட, தூக்குக்கா. நான் இங்கதானே நிக்கிறேன்."

"சின்னவா" என்றாள். "அன்னைக்கு நான் மெயினை மட்டும் தூக்கல."

"என்ன சொல்ற?"

"உன்னோட சுவிட்ச் விழுந்துச்சில்ல, இது? இதையும் தூக்கப் போனேன். விரலை அடியில வெச்சுட்டேன். அம்மா போன்ல நீ என்ன பண்றேன்னு கேட்டாங்க. அதனாலதான் நிறுத்தினேன். கேக்காம இருந்திருந்தா தூக்கியிருப்பேன்டா. நெஜமா தூக்கியிருப்பேன்."

சின்னவன் முகத்தில் சிரிப்பு கொஞ்ச நேரம் அப்படியே மறந்துபோய் நின்றது. பிறகு வடிந்தது. வெள்ளைச் சுவிட்சைப் பார்த்தான். கட்டுப் போட்ட விரல்களைப் பார்த்தான்.

"அப்ப என் கை இன்னும் பெட்டிக்குள்ளதான் இருந்துச்சுக்கா" என்றான் மெதுவாக. "மொத அடியில உடம்பு கீழ விழுந்துடுச்சு. கை வரல. எடு எடுன்னு சொல்றேன், அது என் பேச்சைக் கேக்கல. அப்புறமாத்தான் வந்துச்சு, நானும் பின்னால கார்ல போய்ச் சாஞ்சேன்."

சொல்லிவிட்டு அவன் சுவரோடு சரிந்து தரையில் உட்கார்ந்தான். ஆஸ்பத்திரியில் மார்பில் வயர் ஒட்டியிருந்தபோது வராத பயம் இப்போது முகத்தில் வந்திருந்தது. பேயறைந்த மாதிரி ஆகிவிட்டான். இரண்டு கைகளையும் மடியில் சேர்த்து வைத்துக்கொண்டான்.

பெரியவள் அவன் எதிரே உட்கார்ந்து அவனுடைய இரண்டு மணிக்கட்டுகளையும் பிடித்துக்கொண்டாள். இறுக்கிப் பிடித்தாள். முன்னறையிலிருந்து வீட்டுக்காரர் பூனை போல எட்டிப் பார்த்து, "வந்துடுச்சா?" என்று ரகசியக் குரலில் கேட்டார். இருவரும் தரையில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்துவிட்டு அப்படியே திரும்பிப் போய்விட்டார்.

பிறகு சின்னவன் சொன்னான்: "விடுக்கா. ரெண்டு கையையும் புடிச்சுக்கிட்டா எந்தக் கையால தூக்குறது?"

"யாரும் தூக்க வேணாம். கொஞ்ச நேரம் கெடக்கட்டும்."

ஃபேன் இல்லாமல் இருவருக்கும் வியர்த்தது. அவன் மணிக்கட்டுக்குள் துடித்துக்கொண்டிருந்த நாடியைப் பெரியவள் எண்ண ஆரம்பித்தாள். நடுவில் எண்ணிக்கை தவறியது. மறுபடி ஒன்றிலிருந்து எண்ணினாள்.